திறந்தவெளிச் சந்தையில் மெழுகுவர்த்தியை ஈரத்திலிருந்து காப்பது எப்படி?

கேள்வி இதுதான்: வீட்டில் சோயா மெழுகில் மெழுகுவர்த்தி செய்கிறீர்கள். டிசம்பர் கடைசி வாரத்தில், சென்னைக்குத் தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் நடக்கும் திறந்தவெளிக் கைவினைச் சந்தையில் 3 நாள் ஸ்டால் எடுத்திருக்கிறீர்கள். போன முறை இப்படி ஒரு சந்தையில் கண்ணாடிக் குவளைகள் மேல் நீர் கோத்து நின்றது, லேபிள்கள் உரிந்தன. வாங்கிப் போனவர்களில் இரண்டு பேர், திரி படபடவென்று வெடித்து அணைந்துவிட்டது என்று சொன்னார்கள். சிலிகா ஜெல் பொட்டலங்கள் வாங்கிப் போட்டால் போதுமா என்று கேட்கிறீர்கள்.

போதாது. ஆனால் சரியான இடத்தில் போட்டால் உதவும், அதைப் பிறகு சொல்கிறேன். ஒன்பது வருடமாக மாமல்லபுரம், புதுச்சேரி, கொடைக்கானல் என்று திறந்தவெளியில் மேஜை போட்டு விற்றுவருகிறேன். இத்தனை வருடத்தில் மழையில் நனைந்து கெட்ட சரக்கை விட, மழையே பெய்யாத நாட்களில் கெட்ட சரக்குதான் எனக்கு அதிகம். நீங்கள் சொன்ன மூன்று கோளாறுகளும் கூட மழையால் வந்தவை அல்ல என்றுதான் தோன்றுகிறது.

முதலில் ஈரம் எங்கே போகிறது என்று பார்ப்போம். மெழுகு தண்ணீரை உறிஞ்சாது. பாரஃபின், சோயா, தேன்மெழுகு எதுவானாலும் ஒரு வாளித் தண்ணீரில் முக்கி எடுத்துத் துடைத்தால் உள்ளே ஒரு சொட்டும் ஏறியிருக்காது. மிதக்கும் மெழுகுவர்த்தி தண்ணீரிலேயே கிடந்து எரிகிறதே. ஈரத்தைக் குடிப்பவை மெழுகைச் சுற்றியிருக்கும் மற்றவை: பருத்தித் திரி, மரத்திரி, லேபிள் தாள், கிராஃப்ட் அட்டைப்பெட்டி, சணல் கயிறு, மேலே பதித்த காய்ந்த பூ, பட்டை, ஆரஞ்சுத் தோல், தேங்காய்ச் சிரட்டை, மண் அகல், சிமென்ட் கிண்ணம். ஆகவே நாம் காக்க வேண்டியது மெழுகை அல்ல, இவற்றை. இது புரிந்தால் பாதிச் செலவு குறையும்.

இவற்றில் முக்கியமானது திரி. எரியும்போது உருகிய மெழுகு பருத்தி நூல்களின் நுண்ணிய இடைவெளி வழியாக மேலே ஏறுகிறது. அந்த இடைவெளியில் ஏற்கெனவே தண்ணீர் உட்கார்ந்திருந்தால் மெழுகு ஏற வழியில்லை. சுடர் பட்டதும் அந்தத் தண்ணீர் நீராவியாக வெடிக்கும். உங்கள் வாடிக்கையாளர்கள் கேட்ட படபட சத்தம் அதுதான். சத்தம் நின்றதும் சுடர் சுருங்கி அணைந்துவிடும். அவர்களுக்கு இந்தக் காரணம் தெரியாது. மட்டமான சரக்கு என்றுதான் நினைப்பார்கள்.

இதற்கு ஒரு எளிய வேலை இருக்கிறது. இதை மட்டும் செய்தாலே திரிப் பிரச்சினை பெரும்பாலும் தீர்ந்துவிடும். நாம் வாங்கும் திரிகள் பலவும் ஏற்கெனவே மெழுகு ஏற்றியவைதான். ஆனால் வார்த்த பிறகு நுனியைக் கத்தரித்துவிடுகிறோம். வெட்டிய அந்த வாய்தான் ஈரம் நுழையும் வாசல். அதனால் வார்த்து, ஆறி, கத்தரித்து முடித்த பின் திரியின் நுனியை மறுபடி மெழுகால் மூடிவிடுங்கள். சிறிய கிண்ணத்தில் கொஞ்சம் மெழுகை உருக்கி, தூரிகையால் திரி மேல் ஒரு தடவு தடவி, விரலால் நேராக்கிவிட்டால் முடிந்தது. நூறு உருப்படிக்கு அரை மணி நேரம் ஆகும். இதற்குச் சோயாவை விடத் தேன்மெழுகு நல்லது. அது உருக 62 முதல் 64 டிகிரி வேண்டும் என்பதால் வெயிலில் உருகாது, நன்றாக ஒட்டியும் நிற்கும். வெறும் பருத்தி நூல் வாங்கி நீங்களே திரி செய்வதாக இருந்தால், உருகிய மெழுகில் முழுதாக முக்கி, காற்றுக் குமிழி வருவது நிற்கும் வரை விட்டு எடுங்கள். குமிழி வருகிறது என்றால் நூலுக்குள் இன்னும் இடம் காலியாக இருக்கிறது என்று பொருள்.

மரத்திரி வைத்த குவளைகளைத் திறந்தவெளிக்குக் கொண்டுபோவதை நான் குறைத்துவிட்டேன். ஈரம் பட்டால் மரம் ஊதுகிறது, லேசாக வளைகிறது, பிறகு பற்ற வைக்க நாலு தீக்குச்சி வேண்டும். கொண்டுபோவதானால் மூடியுள்ள குவளையில் மட்டும் கொண்டுபோங்கள்.

இனி நீர் கோத்து நின்றதைப் பார்ப்போம். அது மேலிருந்து விழுந்த நீர் இல்லை. காற்றில் இருந்த ஆவி, குளிர்ந்த கண்ணாடி மேல் பட்டு நீரானது. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த பாட்டில் வியர்ப்பது போலத்தான். எந்த வெப்பநிலைக்குக் கீழே போனால் ஒரு பொருள் வியர்க்கும் என்பதற்கு எளிய கணக்கு உண்டு. 100லிருந்து காற்றின் ஈரப்பதத்தைக் கழியுங்கள், மீதியை 5ஆல் வகுங்கள், வந்ததை அப்போதைய வெப்பநிலையிலிருந்து கழியுங்கள். மாலை 26 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம் என்றால், 20ஐ 5ஆல் வகுக்க 4, ஆக 22 டிகிரி. உங்கள் குவளை 22க்குக் கீழே இருந்தால் வியர்க்கும். இதுவே ஜூன் மாதத்தில் 30 டிகிரி, 75 சதவீதம் என்றால் 25 டிகிரிக்குக் கீழே இருக்கும் எதுவும் வியர்க்கும். துல்லியமான கணக்கு இல்லை, ஆனால் நம் ஊர் ஈரப்பதத்துக்குப் போதுமான அளவு சரியாக வரும். வெப்பநிலையும் ஈரப்பதமும் சேர்த்துக் காட்டும் சின்ன டிஜிட்டல் கருவி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஸ்டாலில் ஒன்று, சரக்குப் பெட்டிக்குள் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, குவளை எப்படி 22க்குக் கீழே போனது? உருகிவிடக் கூடாதே என்று ராத்திரி முழுக்க ஏசி அறையில் வைத்திருப்பீர்கள். காலையில் ஏசி காரில் ஒரு மணி நேரம் கொண்டுவந்திருப்பீர்கள். இறங்கியதும் நேரமாகிவிட்டது என்று பெட்டிகளைத் திறந்து அடுக்கியிருப்பீர்கள். அக்கறையோடு செய்த காரியம்தான், ஆனால் வியர்வைக்கு அதுவே காரணம். நானும் முதல் இரண்டு வருடம் இதையேதான் செய்தேன். திரும்பத் திரும்பத் துடைப்பேன், மறுபடி கோக்கும். குளிர்ந்த பொருளைத் துடைத்துப் பயனில்லை. அது சூடேறும் வரை காற்று அதன் மேல் தண்ணீரை வைத்துக்கொண்டேதான் இருக்கும்.

செய்ய வேண்டியது, இடத்துக்குப் போனதும் பெட்டியைத் திறக்காமல் இருப்பது. பெட்டிக்குள் இருப்பது ஏசி அறையின் காய்ந்த காற்று. மூடி மூடியே இருந்தால் வியர்ப்பது பெட்டியின் வெளிப்பக்கம்தான், உள்ளே ஒன்றும் ஆகாது. மெழுகில் சூடு மெதுவாகத்தான் ஏறும். 200 கிராம் குவளைக்கு ஒன்றரை மணி நேரமாவது கொடுங்கள், கனமான தூண் மெழுகுவர்த்திக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல். அந்த நேரத்தில் டென்ட், மேஜை, விளக்கு, விலைப்பலகை வேலையெல்லாம் முடிந்துவிடும். கடைசியில் ஒரு குவளையை மட்டும் வெளியே எடுத்துப் பாருங்கள். ஐந்து நிமிடம் வியர்க்காமல் இருந்தால் மற்றவற்றைத் திறக்கலாம். இதை விட நல்லது, சந்தைக்கு முந்தின ராத்திரியே சரக்கை ஏசி இல்லாத, வெயில் படாத அறைக்கு மாற்றிவிடுவது. டிசம்பரில் நம் வீட்டு அறைகளில் மெழுகு உருகாது. காரில் வரும்போதும் ஏசிக் காற்று பெட்டி மேல் நேராகப் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் பெட்டியைக் காரில் வைத்துவிட்டு வெயிலில் பூட்டிப் போகாதீர்கள். பூட்டிய காருக்குள் வெயிலில் 60 டிகிரியைக்கூட எட்டலாம், குவளைக்கான சோயா மெழுகு 50ஐ ஒட்டியே உருக ஆரம்பித்துவிடும்.

இடையில் ஒன்று. குவளைக்கு உள்ளே, மெழுகின் மேல் துளித்துளியாக நின்றது தண்ணீர்தானா என்று பார்த்தீர்களா? சோயா மெழுகில் வாசனை எண்ணெய் அதிகமாகி, வெப்பநிலை ஏறி இறங்கினால் எண்ணெயே மேலே கசிந்து நிற்கும். பார்க்க வியர்வை மாதிரியே இருக்கும். டிஷ்யூத் தாளில் ஒற்றி எடுத்துக் காற்றில் வையுங்கள். தண்ணீர் என்றால் காய்ந்து போகும், எண்ணெய் என்றால் கறை நிற்கும், வாசனையும் அடிக்கும். எண்ணெயாக இருந்தால் பிரச்சினை சந்தையில் இல்லை, உங்கள் கலவையில். எண்ணெயின் அளவை ஒன்றிரண்டு சதவீதம் குறைத்து ஒரு முறை வார்த்துப் பாருங்கள். அதேபோல் சோயா மேல் படரும் வெள்ளைப் பூப்பும் ஈரம் இல்லை, பூசணமும் இல்லை. மெழுகின் படிக அமைப்பு மாறுவதால் வருவது. எரிவதில் குறை வராது.

அடுத்தது பனி. 3 நாள் சந்தை என்றால் இரண்டு ராத்திரி சரக்கை அங்கேயே விட வேண்டிவரும், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். மார்கழிப் பனி கொட்டுகிறது என்கிறோம். உண்மையில் பனி மேலிருந்து விழுவதில்லை. மேகமில்லாத ராத்திரியில் வானத்தைப் பார்த்துக் கிடக்கும் எந்தப் பரப்பும் தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிட்டு, சுற்றியிருக்கும் காற்றை விடவும் குளிர்ந்துவிடும். அப்போது காற்றின் ஆவி அதன் மேல் நீராகப் படிகிறது. வெட்டவெளியில் நிறுத்திய வண்டி சீட் நனைந்திருக்க, மரத்தடியில் நிறுத்தியது காய்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மரக்கிளை கூரையாக நின்று வானத்தை மறைத்தது, அவ்வளவுதான்.

ஆக, டென்ட் கூரை இருந்தால் மேஜை மேல் நேராகப் பனி படியாது. ஆனால் டென்ட் துணி மெல்லியது. அதுவே குளிர்ந்து, அதன் உட்பக்கத்தில் நீர் கோத்துக்கொள்ளும். அதிகாலையில் காற்று அசைக்கும்போது அந்த நீரெல்லாம் சேர்ந்து கீழே விழும். புதுச்சேரியில் ஒரு ஜனவரி மாதம், வானம் சுத்தமாக இருந்த ராத்திரி, கூரை இருக்கிறதே என்று நம்பி மேஜையிலேயே அடுக்கி மேலே ஒரு காடாத் துணியைப் போட்டுவிட்டுப் போனேன். காலையில் அந்தத் துணியைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டியது. அடியில் 40 தூண் மெழுகுவர்த்திகள், எல்லாத் திரியும் ஈரம். ஈரத் துணி விடிய விடியத் திரிகள் மேலேயே படுத்துக் கிடந்திருக்கிறது. துணியே போடாமல் விட்டிருந்தால்கூட அவ்வளவு கெட்டிருக்காது.

தார்ப்பாயை நேராகச் சரக்கு மேல் போர்த்துவதும் இதே தவறுதான். தார்ப்பாய் மழையைத் தடுக்கும், ஆனால் அதன் அடிப்பக்கமும் வியர்க்கும். தரையிலிருந்து எழும் ஆவி வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே சுற்றும். புல்தரையாக இருந்தால் இது இரண்டு மடங்கு. நான் இப்போது செய்வது இதுதான்: இருட்டியதும் கூட்டம் குறையக் குறைய, மேஜை தொட்டால் சில்லிடும் முன்பே, விற்காத சரக்கை இறுக மூடும் பிளாஸ்டிக் பெட்டிகளில் எடுத்து வைத்துவிடுவேன். ராத்திரி பத்து மணிக்கு, எல்லாம் குளிர்ந்து ஈரம் படிந்த பிறகு பெட்டிக்குள் வைத்தால் அந்த ஈரத்தையும் சேர்த்துப் பூட்டி வைப்பதாகிவிடும். பெட்டிகளைச் செங்கல் மேலோ, கவிழ்த்த க்ரேட் மேலோ தரையிலிருந்து அரை அடி உயர்த்தி வைத்து, அதற்கு மேல் தார்ப்பாய். தார்ப்பாய்க்கும் பெட்டிக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி இருக்கும்படி இரண்டு மூங்கில் குச்சியைக் குறுக்கே வைத்துவிடுவேன். காலையில் வெயில் ஏறும் முன் தார்ப்பாயை எடுத்துவிட வேண்டும். எட்டு மணி வெயிலில் மூடிய பெட்டிகள் அதனடியில் வெந்துவிடும். விற்பனையாளர்கள் பலர் மழைக்குப் பயந்து இந்த இடத்தில்தான் சரக்கை உருக்கிவிடுகிறார்கள்.

இப்போது சிலிகா ஜெல். இதை மூடிய பெட்டிக்குள் மட்டும்தான் போட வேண்டும். திறந்த மேஜையில் குவளைகளுக்கு நடுவே பொட்டலம் வைப்பதால் எந்தப் பயனும் இல்லை, அது மொத்தக் கடற்கரைக் காற்றையும் காய வைக்கப் பார்த்துச் சில மணி நேரத்தில் நிரம்பிவிடும். பெட்டிக்குள் எவ்வளவு போதும்? 30 லிட்டர் பெட்டியில் இருக்கும் ஈரக் காற்றில் ஒரு கிராம் தண்ணீர்கூட இருக்காது. நல்ல சிலிகா ஜெல் தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் பிடிக்கும். அந்தக் கணக்கில் 10 கிராம் பொட்டலம் ஒன்றே போதும். ஆனால் நீங்கள் உள்ளே அட்டைப்பெட்டிகளையும் அடுக்குவீர்கள். ஈரமான நாளில் ஒரு கிலோ அட்டை 100 கிராமுக்கு மேல் தண்ணீரைத் தனக்குள் வைத்திருக்கும். அதைச் சின்னப் பொட்டலங்களால் இழுத்துத் தீர்க்க முடியாது. கண்ணாடிக் குவளைகளை மட்டும் தனியாக ஒரு பெட்டியில் வையுங்கள், அங்கே சிலிகா ஜெல் அருமையாக வேலை செய்யும். மடிக்காத அட்டைப்பெட்டிகளையும் சணல் கயிற்றையும் வேறு பிளாஸ்டிக் பையில் வைத்து, விற்கும்போது மட்டும் எடுத்து மடியுங்கள்.

வாங்கும்போது நிறம் மாறும் வகையாக வாங்குங்கள், அதிலும் ஆரஞ்சு நிறம். நீல நிறத்தில் வருவதில் கோபால்ட் குளோரைடு இருக்கும், அது நச்சு. சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் அது வேண்டாம். நிறம் மாறியதும் மணிகளைத் தட்டில் பரப்பி 110, 120 டிகிரியில் இரண்டு மூன்று மணி நேரம் ஓடிஜி (கேக் சுடும் மின்சார அடுப்பு) உள்ளே வைத்தால் பழையபடி ஆகிவிடும். அந்தத் தட்டைச் சமையலுக்குத் திரும்ப எடுக்காதீர்கள். உப்பு ஜாடியில் அரிசி போடுவது போலப் பெட்டியில் அரிசி கட்டிப் போடலாமா என்று சிலர் கேட்பார்கள். அரிசியின் உறிஞ்சும் திறன் சிலிகா ஜெல்லுக்கு அருகில்கூட வராது. அதோடு வண்டும் வந்து சேரும்.

கடற்கரைச் சாலை என்பதால் உப்பையும் கணக்கில் எடுக்க வேண்டும். கடல்காற்றில் வரும் நுண்ணிய உப்பு எல்லாவற்றின் மேலும் படிகிறது. ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே தண்ணீரை இழுத்துக் கரையும், மழைக்காலத்தில் அடுப்படி உப்பு கசிகிறதே அப்படி. தகர டப்பா மெழுகுவர்த்திகளின் மூடி விளிம்பில் இரண்டாம் நாளே துருப்புள்ளி தெரிவதற்குக் காரணம் இதுதான். ஒவ்வொரு நாள் மூடும் முன்னும் லேசாக ஈரமாக்கிய துணியால் உப்பைத் துடைத்து, உடனே காய்ந்த துணியாலும் துடைத்துவிடுங்கள். வெறும் காய்ந்த துணியால் துடைத்தால் உப்பு கண்ணாடியில் தேய்ந்து மங்கலாக நிற்கும். இந்தச் சந்தைக்கு என்னைக் கேட்டால் தகரத்தை விட்டுவிட்டுக் கண்ணாடியையும் அலுமினியத்தையும் மட்டும் கொண்டுபோகச் சொல்வேன்.

மண் அகலிலும் சிமென்ட் கிண்ணத்திலும் வார்த்தவை இருந்தால் அவற்றின் அடிப்பகுதியைப் பாருங்கள். ஈர மேஜையிலிருந்து தண்ணீர் ஏறி, காயும்போது வெள்ளையாக உப்புப் பூக்கும். வார்ப்பதற்கு முன் உள்ளும் புறமும் சீலர் (தண்ணீர் ஏறாமல் தடுக்கும் பூச்சு) அடித்தால் தப்பலாம். சிரட்டையில் வார்த்ததும், காய்ந்த பூ பதித்ததும் வாரக்கணக்கில் ஈரத்தில் கிடந்தால் பூசணம் பிடிக்கும். பூசணம் பிடித்ததைத் துடைத்து விற்காதீர்கள், எடுத்து வைத்துவிடுங்கள்.

லேபிளுக்கு வருகிறேன். வீட்டு இங்க்ஜெட் பிரிண்டரில் தாள் ஸ்டிக்கர் அடித்தால் ஈர விரல் பட்டாலே மை கலங்கும். அதில் எடையும் விலையும் தயாரித்த மாதமும் இருக்கின்றன. பொட்டலமிட்ட பொருளுக்கு 2011ஆம் ஆண்டின் எடையளவு விதிகள்படி அவை படிக்கும்படி இருந்தாக வேண்டும், ஆகவே இது அழகுக்கான விஷயம் மட்டும் இல்லை. லேசர் பிரிண்டில், பிளாஸ்டிக் வகை ஸ்டிக்கர் ஷீட்டில் அடியுங்கள். தெருமுனை ஜெராக்ஸ் கடைகள் பலவற்றிலேயே அடித்துத் தருவார்கள். ஒட்டும் முன் குவளையைத் துடையுங்கள். கை எண்ணெயோ வார்க்கும்போது சிந்திய மெழுகோ லேசாக இருந்தாலும் பசை பிடிக்காது. ஒட்டியபின் குறைந்தது ஒரு நாள் காய்ந்த அறையில் விட்டுப் பிறகு கொண்டுபோங்கள். சந்தைக்குப் போய் வியர்த்த கண்ணாடி மேல் ஒட்டினால் எந்த ஸ்டிக்கரும் நிற்காது. தொங்கவிடும் அட்டைச் சீட்டுகளுக்கு நம் கையிலேயே மருந்து இருக்கிறது: உருகிய மெழுகில் ஒரு முக்கு முக்கி எடுத்தால் தண்ணீர் ஒட்டாத சீட்டு. பற்ற வைக்கும் முன் சீட்டைக் கழற்றிவிடுங்கள் என்று அதிலேயே எழுதிவிடுங்கள்.

இனி மழை. வடகிழக்குப் பருவமழை அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை, கடைசி வாரத்திலும் ஒரு சுற்று வரலாம். சென்னையின் ஆண்டு மழையில் பாதிக்கும் மேல் இந்த மூன்று மாதத்தில்தான் கொட்டுகிறது. கரையோரத்தில் இந்த மழை பின்னிரவிலும் விடியலிலும் பெய்வது வழக்கம், அதாவது நீங்கள் ஸ்டாலில் இல்லாத நேரம். அதனால்தான் ராத்திரி மூடும் வேலையை அவ்வளவு விரிவாகச் சொன்னேன். பகலில் வானிலை ஆய்வு மையத்தின் ரேடார் படத்தை அவ்வப்போது போனில் பாருங்கள். கடலிலிருந்து மழை மேகம் நகர்ந்து வருவது முன்கூட்டியே தெரியும்.

சந்தை நடத்துபவர்கள் துணிப் பந்தல்தான் போடுகிறார்கள் என்றால் அதை வெயிலுக்கு மட்டும் நம்புங்கள். ஷாமியானா துணி பத்து நிமிடம் மழையைத் தாங்கும், பிறகு தையல் வழியே சொட்டும். அதனடியில் உங்கள் பக்கத்துக்கு மட்டுமாவது ஒரு தார்ப்பாயைச் சரிவாகக் கட்டிக்கொள்ள முன்பே அனுமதி கேளுங்கள். சொந்தமாக 10க்கு 10 அடி மடக்கு டென்ட் கொண்டுபோவதானால் கூரையில் தண்ணீர் தேங்க விடாதீர்கள். 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் அந்தக் கூரையில் 90 லிட்டருக்கு மேல் விழுகிறது. துணி ஓரிடத்தில் தொய்ந்தால் அங்கே குளம் கட்டி, எடை தாங்காமல் கம்பியே மடங்கும். உள்ளிருந்து ஒரு மூங்கிலால் நடுவே முட்டுக் கொடுங்கள். நாலு காலுக்கும் தண்ணீர் நிரப்பிய 20 லிட்டர் கேன் ஒன்று வீதம் கட்டிவிட்டால் காலுக்கு 20 கிலோ எடை கிடைக்கும், மணல் மூட்டை தேடி அலைய வேண்டாம். இந்தப் பருவத்தில் காற்று பெரும்பாலும் வடகிழக்கிலிருந்துதான் வரும். ஸ்டால் ஒதுக்கும்போது முதுகுப்பக்கம் கடலைப் பார்த்து இருக்கும்படி கேட்டு வாங்கி, அந்தப் பக்கத்தை மட்டும் முழுதாக மறைத்துவிடுங்கள். நாலு பக்கமும் மறைத்தால் உள்ளே புழுங்கும், ஈரம் வெளியேறாது.

மேஜை விரிப்பு தரையைத் தொடக் கூடாது. இதை எத்தனை ஸ்டாலில் பார்க்கிறேன்! அழகாகத் தொங்கவிட்ட பருத்தித் துணியின் நுனி ஈரத் தரையில் கிடக்கும். துணியும் ஒரு திரிதான், மெழுகு ஏறுவது போலவே தண்ணீர் மெல்ல மெல்ல மேலே ஏறும். தரைக்கு மேல் நாலு விரல் தூக்கி ஊசி குத்திவிடுங்கள். அடியில் பழைய பிளெக்ஸ் பேனரை விரித்தால் மண்ணின் ஈரமும் மேலே வராது. மின்விளக்கு வயரும் பிளக்கும் தரையில் கிடக்காமல் கம்பத்தில் கட்டியிருக்க வேண்டும். இதில் சரக்கை விட உங்கள் உயிர் முக்கியம்.

மேஜையில் மொத்தச் சரக்கையும் பரப்பும் பழக்கத்தையும் விடலாம். ஒவ்வொரு வாசனைக்கும் ஒன்று மட்டும் முகர்ந்து பார்க்கத் திறந்து வையுங்கள். மற்றவை மூடியோடு பின்னால் பெட்டியில் இருக்கட்டும், கேட்டால் எடுத்துக் கொடுங்கள். திடீர் மழை வந்தால் தூக்கி வைக்க வேண்டியது பத்து உருப்படிதான். முதலில் மூடியில்லாத தூண்களை எடுங்கள், அடுத்து அட்டைப்பெட்டிகள். குவளைகளுக்கு மூடியைப் போட்டாலே போதும், அவற்றைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதில்லை. தூண் மெழுகுவர்த்திகளைப் பிளாஸ்டிக் சுருள்தாளில் சுற்றுவதானால் முழுக்க ஆறி, அறை வெப்பத்தில் ஒரு நாள் இருந்த பிறகு, காய்ந்த நாளில் சுற்றுங்கள். மழைநாளில் சுற்றினால் அந்த ஈரக் காற்றையும் சேர்த்துக் கட்டுகிறீர்கள். தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் கைப்பைக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை இருப்பதால், வாங்கிப் போகிறவர்களுக்கு மஞ்சப்பை கொடுங்கள். மழையாக இருந்தால் முதலில் மெழுகு பூசிய தாளில் சுற்றி, அதன் பின் பையில் போடுங்கள்.

நனைந்துவிட்டது என்றால் என்ன செய்வது? ஹேர் டிரையரை எடுக்காதீர்கள், திரி காயும் முன் மேல்மெழுகு உருகிக் குழியாகிவிடும். டிஷ்யூத் தாளால் திரியை அழுத்தி ஒற்றி, ஈரமான நுனியைக் கத்தரித்து, ஏசி அறையில் மூடியைத் திறந்து இரண்டு நாள் வையுங்கள். இங்கே ஏசி நன்மை செய்யும், அறைக் காற்றை அது காய வைக்கும். பிறகு அந்த வரிசையில் ஒன்றைப் பற்ற வைத்துக் கேளுங்கள். சத்தமில்லாமல் பத்து நிமிடம் எரிந்தால் மற்றவற்றின் நுனிக்கு மெழுகு தடவி விற்கலாம். குவளைக்குள் தண்ணீர் தேங்கியிருந்தால் மட்டும், முழுதாகக் கவிழ்த்து ஒற்றி எடுக்கும் வரை பற்றவே வைக்காதீர்கள். மெழுகை விடத் தண்ணீர் கனம். மேலே மெழுகு உருகியதும் தண்ணீர் அடியில் இறங்கிவிடும். சூடு ஏறி அது கொதித்தால் உருகிய மெழுகு முகத்தில் தெறிக்கும். இதை வாடிக்கையாளரிடமும் சொல்லுங்கள், வெளியே பால்கனியில் வைத்து எரிப்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

மூன்றாம் நாள் முடிந்து வீட்டுக்கு வந்ததும் அலுப்பில் பெட்டிகளை அப்படியே மூலையில் அடுக்கிவிடத் தோன்றும். அன்று ராத்திரியே மூடிகளை மட்டுமாவது திறந்து வைத்துவிடுங்கள், ஆனால் ஏசி போடாத அறையில். காலையில் ஏசியைப் போட்டுக்கொள்ளலாம். தார்ப்பாயையும் டென்ட் துணியையும் ஈரத்தோடு மடித்தால் ஒரே வாரத்தில் கரும்புள்ளி பிடிக்கும், அந்த நாற்றம் அடுத்த சந்தையில் உங்கள் மல்லிகை வாசனையோடு கலந்து வரும். மொட்டை மாடிக் கொடியில் ஒரு பகல் காயவிட்டு மடியுங்கள்.